சுவர் நிறத்தில் இரண்டு பெட்டிகள்

ஒருவரைப் பச்சோந்தி என்று கூப்பிட்டால், நேரத்துக்கு ஒரு பேச்சுப் பேசுகிற ஆள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நம்முடைய பெயிண்டர் அந்த ரகம் இல்லை. இருபத்து நான்கு வருஷமாக ஒரே ஸ்பீக்கர் கடை, அதன் பின்னால் ஒரே தகரக் கொட்டகை, அதற்குள் ஒரே ஸ்டூல். கடையில் இருப்பவர்கள் அவருக்கு அந்தப் பட்டப்பேரை வைத்ததற்குக் காரணம் அவர் செய்கிற வேலை. ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு, அவை நிற்கப்போகிற வீட்டுச் சுவரின் நிறத்தை அப்படியே அடித்துக் கொடுப்பார். இடுப்பு உயரத்துக்கு இரண்டு பெட்டிகள் கூடத்தில் நிற்கும். வந்தவர்களுக்கு அவை நிற்பதே தெரியாது. பாட்டு மட்டும் எங்கிருந்தோ வரும்.

பெரிய ஸ்பீக்கரை ஆசைப்பட்டு வாங்குவது ஒருத்தர். அந்தச் சனியன் கண்ணில் படக் கூடாது என்று நினைப்பது இன்னொருத்தர். இரண்டு பேரும் பெரும்பாலும் ஒரே கட்டிலில் படுக்கிறவர்கள். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது பெயிண்டர்.

இந்த வேலையில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. சுவரைப் பார்க்கப் போவதற்கு முன்னால் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எத்தனை மணிக்குப் பாட்டு கேப்பீங்க?" அந்த மணிக்குத்தான் போவார். காலை பத்து மணிக்குப் பார்க்கிற சுவரும் சாயங்காலம் மஞ்சள் விளக்கில் பார்க்கிற சுவரும் ஒன்றில்லை. கையில் ஏழெட்டு அட்டைத் துண்டுகளில் நிறம் பூசி எடுத்துப் போய், சுவரில் ஒவ்வொன்றாக வைத்து, எந்த அட்டை காணாமல் போகிறதோ அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். கொட்டகைக்குப் பெட்டிகள் வந்ததும் உள்ளே இருக்கிற ஸ்பீக்கர்களைக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றி வைப்பார். வெறும் பெட்டிதான் அவருக்கு. இத்தனை வருஷத்தில் அவர் பெயிண்ட் அடித்த ஒரு பெட்டி பாடி அவர் முழுப் பாட்டாகக் கேட்டது கிடையாது.

ஐம்பத்தைந்து வயதாகிறது. வலது தோள்பட்டை காதுக்கு மேல் போக மாட்டேன் என்கிறது. முகமூடியின் பட்டி மூக்குக்கு மேலே நிரந்தரமாகப் பள்ளம் போட்டுவிட்டது. சாப்பாட்டில் எதைப் போட்டாலும் தின்னர் வாசம்தான். மனைவி ஒரு கடைக்குப் பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுக்கிறாள். "உங்களுக்கு ருசியா சமைக்கிறதும் ஒண்ணுதான், சமைக்காம இருக்கிறதும் ஒண்ணுதான்" என்று அலுத்துக்கொள்வாள். வேலை நன்றாக அமைந்தால் யார் கண்ணிலும் படாது, கெட்டுப்போனால் மட்டும் எல்லோருக்கும் தெரியும் என்றால் எந்த மனுஷனுக்குத்தான் சலிப்பு வராது? அவருக்கு எப்போதோ வந்துவிட்டது. இருந்தாலும் காலை ஒன்பதுக்கு ஸ்டூலில் இருப்பார்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவை மூடுகிற நேரத்தில் போன் வந்தது. பேசியது நாலாவது மாடி அம்மா. பதினோரு வருஷப் பழக்கம். அந்த வீட்டுப் பெட்டிகளுக்கு இதுவரை நான்கு முறை நிறம் மாற்றியிருக்கிறார். முதலில் இளம்பச்சை, பிறகு சாம்பல், பிறகு சந்தன நிறம், கடைசியாக முட்டை ஓட்டு வெள்ளை. அந்தம்மா சுவரை மாற்றும்போதெல்லாம் பெட்டியும் கூடவே மாறும்.

"சார் ஆஸ்பத்திரியில இருக்கார். நெஞ்சுல ஆபரேஷன். நல்லபடியா முடிஞ்சிடுச்சு, பயப்பட ஒண்ணும் இல்ல. இன்னும் பதினோரு நாள்ல வீட்டுக்கு விட்டுடுவாங்களாம். அதுக்குள்ள நீங்க ஒரு வேலை பண்ணிக் கொடுக்கணும்."

"பண்ணிடலாம்மா. இந்தத் தடவை என்ன கலர்?"

"கலரே வேண்டாம். அடிச்சதையெல்லாம் எடுத்துடுங்க. உள்ள இருக்கிற மரம்தான் வேணும். அவர் வீட்டுக்குள்ள காலை வைக்கிறப்ப, அது அவர் வாங்கின மாதிரியே நிக்கணும்."

பெயிண்டர் மூடிய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மறுபடி மூடினார்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"பதினோரு வருஷம் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்ல. நான் சொன்ன கலரையெல்லாம் சரி சரின்னாரு. அவரை உள்ள கொண்டு போனதும் வெளியில பெஞ்சுல உக்காந்தேன் பாருங்க, வேற எதுவுமே ஞாபகம் வரல. இந்தப் பெட்டிதான் வந்துது. அவர் ஆசையா வச்சிருந்த ஒண்ணை நான் மூடி வச்சுட்டேனேன்னு. உங்களால முடியும்ல?"

"பாக்கறேம்மா" என்றார் பெயிண்டர். வேறு என்ன சொல்வார்? அந்தப் பெட்டிகளுக்குள் மரம் இல்லை. பதினோரு வருஷமாக இல்லை. அதை ஒழித்துக் கட்டியதே அவர்தான்.

அந்தக் கதை இதுதான். அவர்கள் அந்த வீட்டுக்குக் குடி வந்த புதிது. பெட்டிகள் நல்ல பழுப்பு நிறத்தில், அலை அலையாக ரேகை ஓடி நின்றன. சார் வருஷக்கணக்காக மெழுகு தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார். அந்தம்மாவுக்குக் கூடத்தில் இரண்டு பீரோ நிற்கிற மாதிரி இருந்தது. புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு மாசம் பேச்சுவார்த்தை நடந்து, கடைசியில் சார் இறங்கி வந்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பின்னாடி எப்பவாவது வேணும்னா இந்தப் பெயிண்டை எடுத்துட முடியுமா?" என்று பெயிண்டரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "தாராளமா சார்" என்றார் நம் ஆள். சொல்லும்போது நிஜமாகத்தான் சொன்னார்.

மெழுகு ஏறிய மரத்தில் பெயிண்ட் நிற்காது. அந்த மெழுகைப் பொறுமையாக எடுக்க வழி இருந்தது. ஆனால் அந்த வாரம் கொட்டகையில் வேறு மூன்று ஜோடிப் பெட்டிகள் வரிசையில் நின்றன. உப்புத்தாள் மெஷினை எடுத்தார். அந்த மாதிரிப் பெட்டிகளில் மரம் என்பது மேலே ஒட்டியிருக்கிற மெல்லிய தகடுதான், வெங்காயத் தோல் கனம்கூட இருக்காது. உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. ஒரு மூலையில் மெஷின் ஒரு நொடி கூடுதலாக நின்றது, தகடு போய்ப் பலகை தெரிந்தது. ஐயோ என்று ஆகிவிட்டது. அரை மணி நேரம் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிறகு, எப்படியும் மேலே பெயிண்ட் வரப்போகிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றியது. இரண்டு பெட்டிகளையும் மொத்தமாகத் தேய்த்து, பட்டி பார்த்து, இளம்பச்சை அடித்துக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு முறை நிறம் மாற்றும்போதும் சார் அவரை ஓரமாகக் கூப்பிட்டு உள்ளே மரம் எப்படி இருக்கிறது என்று கேட்பார். இவரும் நன்றாக இருக்கிறது என்பார். மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் சொன்னார்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். அவள் தையல் மெஷினை நிறுத்தவில்லை. காலரைத் திருப்பித் தைத்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"நாளைக்குப் போய்ச் சொல்லிடுங்க. ரெண்டு திட்டு வாங்கிட்டு வந்து சாப்பிட்டுப் படுங்க."

"அந்தம்மா இருக்கிற நிலைமையில எப்படிச் சொல்றது?"

"அந்த சார் நல்லா இருந்தப்ப மட்டும் சொன்னீங்களாக்கும்."

மறுநாள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனார். லிஃப்டில் ஏறும்போதே முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அந்தம்மா கதவைத் திறந்தார். மூன்று நாள் தூங்காத முகம். பெட்டிகளைத் தூக்க வசதியாகச் சோபாவைத் தானே ஒற்றை ஆளாக நகர்த்தி வைத்திருந்தார். பெயிண்டர் வாயைத் திறப்பதற்குள் ஒரு பழைய போட்டோவைக் கையில் கொடுத்தார்.

"பெட்டி வாங்கின அன்னிக்கு எடுத்தது. மரம் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கணும்ல, அதான் தேடி எடுத்தேன்."

போட்டோவில் சாருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். இடது பக்கப் பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, ஊரையே வாங்கிவிட்டவர் மாதிரி சிரிக்கிறார். வலது பக்கப் பெட்டி அவர் உடம்புக்குப் பின்னால் போய், விளிம்பு மட்டும்தான் தெரிகிறது. பெயிண்டர் சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு, போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கோழைத்தனம்தான். அதை அவரே மறுக்க மாட்டார்.

பெட்டிகள் கொட்டகைக்கு வந்தன. கடைக்குப் பக்கத்தில் இருக்கிற தச்சரிடம் போட்டோவைக் காட்டினார். "புதுசா தகடு ஒட்டலாம். ஆனா சொல்லி வச்சா வர்றதுக்கு மூணு வாரம் ஆகும். வந்தாலும் இந்த ரேகை வராது. மரத்துக்கு மரம் வேற" என்றார் தச்சர். மூன்று வாரத்துக்கு எங்கே போவது? கையில் இருந்தது ஒன்பது நாள்.

இனி ஒரே வழிதான். வாலிபத்தில் ஒரு லாட்ஜின் இரும்புக் கதவுகளுக்கு மரம் மாதிரிப் பெயிண்ட் அடிக்கிற வேலைக்குப் போயிருக்கிறார். நாற்பத்திரண்டு கதவு. அப்போது கற்றது. முதலில் வெளிர் மஞ்சளாக ஒரு பூச்சு. காய்ந்ததும் அதன் மேல் பழுப்பை நீர்க்கக் கரைத்துப் பூசி, ஈரம் இருக்கும்போதே காய்ந்த பிரஷ்ஷால் இழுத்தால் ரேகை விழும். மெல்லிய கோட்டுக்குப் பழைய சீப்பு. முடிச்சுக்குக் கட்டைவிரல். அந்தப் போட்டோவை விளக்குக்குக் கீழே ஒட்டி வைத்துக்கொண்டு இடது பெட்டியை ஆரம்பித்தார். இரண்டு முறை சரியாக வராமல் மொத்தமாகத் துடைத்தார். தோள் விட்டுப் போய்விட்டது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு இழுத்தார். நாலாவது நாள் இடது பெட்டி போட்டோவில் இருந்த மாதிரியே ஆனது. முன்பக்கத்தில் வலது ஓரமாக ஒரு கரிய முடிச்சு, அதைச் சுற்றிக்கொண்டு போகிற ஏழு அலைகள்.

வலது பெட்டிக்குப் போட்டோ உதவவில்லை. ஆனால் ஒன்றைப் பார்த்து இன்னொன்றை அதே மாதிரி கொண்டு வருவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இடதைப் பக்கத்தில் நிறுத்தி, அளவு நாடா வைத்து, முடிச்சுக்கு முடிச்சு, அலைக்கு அலை வலதில் இறக்கினார். எட்டாவது நாள் இரண்டுக்கும் வார்னிஷ் அடித்து நிறுத்தியபோது ஓர் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. கடையில் இருந்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, "பச்சோந்திண்ணே, இது நிஜமாவே மரம் இல்லையா?" என்று கேட்டார்கள். பார்க்கிறவர்கள் பாராட்டுகிற மாதிரி அவர் செய்த முதல் வேலை இதுதான். உள்ளுக்குள் பூரித்துப் போனார். பூரித்ததற்காக வெட்கப்பட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது.

கொண்டுபோய் வைத்தபோது அந்தம்மா கிட்டே வந்து உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவினார். கண் கலங்கிவிட்டது.

"அப்படியே இருக்கு. நான் எடுத்ததை நானே திருப்பிக் கொடுத்துட்டேன்" என்றார்.

இந்த வார்த்தைக்கு அப்புறம் எவனுக்கு வாய் வரும்? பெயிண்டர் ஸ்பீக்கர்களை மாட்டி, ஸ்க்ரூக்களை முடுக்கி, போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். அக்கடா என்று இருக்கும் என்று எதிர்பார்த்தார். இல்லை.

சார் வீடு திரும்பி ஒன்பது நாள் கழித்துப் போன் வந்தது. சார்தான் பேசினார், குரல் பாதியாக இருந்தது. "நாளைக்கு நாலு மணிக்கு வந்துட்டுப் போறியா? அவ மருந்து வாங்கப் போவா. நாலரைக்குத்தான் வருவா."

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பெயிண்டர் இரண்டு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். மனைவியிடம் சொன்னார். "நல்லதாப் போச்சு. இப்பவாவது சொல்லித் தொலைச்சுட்டு வாங்க" என்றாள்.

சார் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் ஒரு சின்னத் தலையணையை அணைத்துப் பிடித்திருந்தார். இருமினால் தையல் வலிக்காமல் இருக்க அப்படிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்களாம். எதிரே இரண்டு பெட்டிகளும் நின்றன.

"உக்காரு. நல்லா வரைஞ்சிருக்கே" என்றார்.

பெயிண்டர் உட்காரவில்லை.

"ரெண்டுலயும் முடிச்சு ஒரே பக்கம் இருக்கு. அது அப்படி இருக்காது." சார் தலையணையை மடியில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் சேர்த்து, மெதுவாகப் புத்தகம் திறக்கிற மாதிரித் திறந்து காட்டினார். "ஒரே கட்டையில அடுத்தடுத்து அறுத்த தகடு. இப்படித் திறந்து ஒட்டுவாங்க. இதுல முடிச்சு வலது ஓரம்னா அதுல இடது ஓரம். கண்ணாடியில பாக்கிற மாதிரி. அப்படி ஒரு ஜோடி கிடைக்க எட்டு மாசம் காத்திருந்தேன். வாசல்லேருந்து பாத்தப்பவே தெரிஞ்சுடுச்சு."

ஒன்றுக்கொன்று அச்சாக இருக்க வேண்டும் என்று அளவு நாடா வைத்து இறக்கினாரே, அதுதான் காட்டிக் கொடுத்துவிட்டது. இத்தனை வருஷத் தொழிலில் அவருக்குத் தெரிந்த ஒரே நல்ல பழக்கம்.

"முதல் தடவையே போயிடுச்சு சார்" என்றார் பெயிண்டர். "மெஷின் போட்டுட்டேன். ஒரு மூலை போச்சு. அப்புறம் நானே எல்லாத்தையும் தேச்சுட்டேன்."

"பதினோரு வருஷமா."

"ஆமா சார்."

சார் பெட்டிகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். "உன்னைத் திட்டணும்னா மூச்சு வேணும். இப்ப இல்ல" என்றார்.

"அம்மா வரட்டும் சார். நானே சொல்லிடறேன். என்ன சொன்னாலும் வாங்கிக்கறேன்."

"சொல்லி நீ பாரத்தை இறக்கி வச்சுட்டுப் போயிடுவே. அவ அதை எங்க கொண்டுபோய் வைப்பா?"

பெயிண்டர் வாசல் பக்கம் பார்த்தார்.

"தினமும் சாயங்காலம் மெத்துனு ஒரு துணி எடுத்துட்டு வந்து துடைக்கிறா. என்னைப் பாக்க வர்றவங்களை முதல்ல அதைப் பாக்கச் சொல்றா. அது கண்ணுலயே படக் கூடாதுன்னு இருந்தவ. அவ துடைச்சு முடிச்சுட்டு என் முகத்தைப் பாப்பா, நான் நல்லாருக்குன்னு சொல்லணும்." சார் தலையணையை மறுபடி அணைத்துக்கொண்டார். "நீ ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ஒரு பொய் சொல்லிட்டுப் போனே. எனக்கு இனிமே தினமும்."

பெயிண்டர் வெறும் கையோடு நின்றுகொண்டு, எதையாவது பிடித்துக்கொள்ளலாமா என்று பார்த்தார். "அப்ப எதுக்கு சார் என்னைக் கூப்பிட்டீங்க?"

"யார்கிட்டயாவது சொல்லணும்ல. வேற யார்கிட்டச் சொல்ல முடியும் சொல்லு."

பூட்டில் சாவி திரும்பியது. அந்தம்மா மருந்துப் பையோடு உள்ளே வந்தார். பெயிண்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்களே வந்துட்டீங்களா? நானே கூப்பிடணும்னு இருந்தேன். சார் நன்றி சொன்னாரா? உக்காருங்க, காபி போடறேன்." போனவர் சமையலறை வாசலிலேயே நின்று திரும்பினார். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நாலு கலர் அடிச்சோமே, உள்ள மரம் கெட்டுப் போயிருக்கும்னுதான் பயந்தேன். ஒரு கீறல்கூட இல்லாம எப்படிக் கிடைச்சுது?"

பெயிண்டர் சாரைப் பார்த்தார். சாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பதிலுக்காக.

"முதல் தடவை அடிக்கிறப்பவே பக்குவமா பண்ணிட்டேம்மா" என்று ஆரம்பித்தார். குரல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. "மெழுகு ஏறின மரம். மெஷின் படக் கூடாது. பருத்தித் துணியைத் தின்னர்ல நனைச்சுக் கொஞ்சம் கொஞ்சமாத் துடைச்சு எடுக்கணும். ரேகை போற பக்கமாவே துடைக்கணும், குறுக்கே போகக் கூடாது. துணி அழுக்கில்லாம வெள்ளையா வர்ற வரைக்கும் மாத்தி மாத்தித் துடைக்கணும். அப்புறம் ஒரு ராத்திரி காய விட்டு, மறுபடி துடைச்சு, அரக்குப் பூச்சு ரெண்டு தடவை மெல்லிசாக் கொடுத்துட்டு, அதுக்கு மேலதான் பெயிண்ட். அப்படிப் பண்ணினா அடியில மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. எப்ப வேணா எடுத்துக்கலாம்."

"அம்மாடி. அதுக்கு எத்தனை நாள் ஆச்சு?"

"மூணு நாள்மா."

"அவ்வளவு வேலை இருந்தும் எங்க பெட்டிக்காக மூணு நாள் உக்காந்திருக்கீங்க" என்றார் அந்தம்மா. கணவரின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றார் சார். "இந்தக் காலத்துல அந்தப் பொறுமை யாருக்கு இருக்கு."

அந்தம்மா காபி போட உள்ளே போனார். அதுவரை உட்காராமல் நின்றிருந்த பெயிண்டர், அப்போதுதான் சாருக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் பெட்டிகளைப் பார்த்தபடி காபிக்காகக் காத்திருந்தார்கள்.